இன்னொருவர் காலால் ஒரு நேர்த்தி

கொஞ்சக் காலம், நான் வேலை செய்யும் வீட்டில் காரோட்டத் தெரிந்தவருக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வைத்திருந்த எனக்குக் காரோட்ட வராது. இந்த நிலைமையை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் இத்தாலியின் பலேர்மோ நகரம் முழுக்கக் கார் ஓடினோம், அதுவும் சட்டப்படி.

வீடு பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம், நாலாம் மாடி. சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா, பலேர்மோக்காரி, மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிஞ்ஞோரே, வீட்டு ஐயா, இங்கிலாந்துக்காரர், டூரிங் கார் பந்தயம் ஓடி ஓய்வு பெற்றவர். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, அவர்கள் வீட்டில் சமையலும் துடைப்பும் சலவையும் பார்த்து, இன்னும் ஓய்வு பெறாதவள்.

சிஞ்ஞோரேயும் நானும் கதைப்பது பாதி இத்தாலியன், பாதி இங்கிலிஷ், மிச்சம் கைச்சாடை. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது. ஆகவே இந்தக் கதையில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார். அது அவருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் பெரியப்பாமார் மாதிரியே அவரும் தேத்தண்ணீர் சரியில்லை என்றுதான் நாளைத் தொடங்குவார்.

டூரிங் கார் என்றால் தொலைக்காட்சியில் தும்பி போல வருமே, அது இல்லை. தெருவில் நிற்கிற நாலு கதவுக் கார்தான். உள்ளே இருக்கும் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் கூண்டு போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இருபது முப்பது கார்கள் ஒரே வளைவுக்குள் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும். கதவோடு கதவு உரசும், கண்ணாடி பறக்கும், பின்னால் வருகிறவன் இடித்துக்கொண்டே வருவான். இதைப் பார்க்க டிக்கெட் வாங்குவானேன், நாப்போலிக் கப்பல் வந்து சேரும் காலையில் துறைமுகத்து வாசலில் போய் நின்றால் போதுமே என்று நான் ஒரு தடவை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கட பந்தயத்தில எல்லாரும் ஒரே பக்கமாத்தான் ஓடுவினம்" என்றார்.

அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டவள். அவருடைய ஊர் இங்கிலாந்தின் வடக்கில், மழை மட்டும் நேரந்தவறாமல் வருகிற ஒரு ஊர். தகப்பனுக்கு அங்கே ஒரு கராஜ். இவர் முதன்முதலில் பந்தயம் ஓடியது தாயின் காரில், தாய்க்குத் தெரியாமல். ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு, கதவில் ஒட்டிய இலக்கத்தை உரித்து, கழுவி, பின் சீட்டைத் திரும்பப் பூட்டி வைப்பாராம். திங்கட்கிழமை தாய் அதே காரில் சாமான் வாங்கப் போவார். எப்படிப் பிடிபட்டீர்கள் என்று கேட்டேன். கடைக்காரன் தாயிடம், நேற்று உங்கள் கார் இரண்டாவதாக வந்ததாமே என்று வாழ்த்துச் சொல்லிவிட்டானாம்.

அன்று பிடித்த இரண்டாமிடம் அவரைக் கடைசிவரை விடவில்லை. சின்னப் பந்தயங்களில் வென்று பெரிய அணி ஒன்றில் இடம் கிடைத்தது. நல்ல வருடங்கள், நல்ல சம்பளம், தொப்பியில் கையெழுத்துக் கேட்கும் சனம், எல்லாம் வந்தன. சம்பியன் பட்டம் மட்டும் வரவில்லை. ஒரு வருடம் கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாலே பட்டம் கையில் என்ற நிலை. பக்கத்தில் ஒருத்தன் உள்ளே புகுந்தான். இவர் வழி விட்டிருந்தால் மூன்றாவது. விடவில்லை. இரண்டு பேரும் சல்லிக்கல்லுக்குள் போய் நின்றார்கள், பின்னால் வந்த மூன்றாமவன் பட்டத்தைக் கொண்டுபோனான். இந்தக் கதையில் அன்று மழை பெய்தது. முதல் தடவை சொன்னபோது தூறல். போன வருடம் சொன்னபோது கிட்டத்தட்டச் சூறாவளி.

பிறகு ஒருநாள் கார் சுவரில் போய் முடிந்து வலது கணுக்கால் நொறுங்கியது. உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்கள். திரும்பி வந்து சின்ன அணி ஒன்றில், பின்வரிசையில் சில காலம் ஓடினார். அதற்குப் பிறகு பந்தயத் திடலில், பொழுதுபோக்குக்கு வரும் கம்பெனி முதலாளிமாருக்குக் காரோட்டக் காட்டிக்கொடுத்தார். இத்தாலியில் இருந்து வந்த அப்படி ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்க்க வந்தவர்தான் சிஞ்ஞோரா. முதலாளிமார் ஒன்றும் கற்கவில்லை. இவர் கலியாணம் முடித்துப் பலேர்மோ வந்துவிட்டார்.

வந்து பல வருடம் இங்கிலாந்து லைசென்ஸில்தான் ஓடினார். பிறகு அவருடைய நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போனது, லைசென்ஸும் கூடப் போனது. தவணை கொடுத்தார்கள், இன்னொரு தவணை கொடுத்தார்கள், இதற்குமேல் இல்லை என்று ஒரு கதை வந்தது. ஓட வேண்டுமென்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று இத்தாலியப் பரீட்சை எழுத வேண்டும். எழுத்துப் பரீட்சையை இரண்டாம் தடவையில் எப்படியோ கரையேற்றினார். அதற்கு ஆன கோப்பியையும் கெட்ட வார்த்தைகளையும் நான் இங்கே எழுதவில்லை.

அடுத்தது ஓட்டப் பரீட்சை. கற்கும் அனுமதி உள்ளவர் தனியே ஓடக்கூடாது. பத்து வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்கும், அறுபத்தைந்து தாண்டாத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிஞ்ஞோராவுக்கு லைசென்ஸே இல்லை. அவருடைய அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. என் கணவருக்குப் பகலெல்லாம் வேலை. என் கைப்பையில் மட்டும் பத்தென்தே, அதுதான் இத்தாலிய லைசென்ஸ், ஒன்று பல வருடமாகப் பத்திரமாக இருந்தது. நான் எடுத்த முதல் கிழமையே விய லிபெர்த்தா தெருவில் ஒரு பேருந்து என் பக்கமாகத் திரும்பியது. அன்று காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தவள், பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"என்னப்பா, உம்மட பத்தென்தே போட்டோ பாக்கிறதுக்குத்தானே" என்று என் கணவர் விருந்தாளிகளிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் போட்டோதான் இப்போது சட்டத்தின் கண். காரின் முன்னும் பின்னும் கற்பவர் என்ற பெரிய எழுத்தை ஒட்டி, உலகத்துப் பந்தயத் திடல்களில் ஓடிய மனிதர் ஸ்டியரிங்கில் இருக்க, அவரை மேற்பார்வை செய்ய நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். துறைமுகம் கடந்து, ஃபவொரீத்தா பூங்கா ஊடாக, ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை வரை போய் வருவது எங்கள் பயிற்சி. போகும்போது நான் கந்தசஷ்டி கவசம் சொல்வேன். அவர் அதைக் குறைக்கச் சொல்லவில்லை, எந்தப் பந்தயத்திலும் இப்படி ஒரு வானொலி தனக்கு வாய்க்கவில்லை என்றார்.

"ஆறுதலாப் போங்கோ, வளைவு வருது, பிறேக்கைப் பிடியுங்கோ!"

"இன்னும் இடம் கிடக்கு."

"எங்கை கிடக்கு?"

"பாருங்கோ, வளைவுக்கு முன்னால பிறேக் எல்லாரும் பிடிப்பினம். ஆர் பிந்திப் பிடிக்கிறான் எண்டதுதான் விசயம். எங்கட தொழிலில ஒருத்தனைப் பாத்து, நீ பிந்திப் பிடிக்கிறாய் எண்டு சொன்னா அதுக்கு மேல புகழ் இல்லை."

"எங்கட வீட்டில அப்பிடிச் சொன்னா, அது பொலிசுக்குக் குடுக்கிற முறைப்பாடு" என்றேன்.

முதல் பரீட்சையில் சோதனைக்காரர் பின் சீட்டில் இருந்தார். வட்டச் சந்தியில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு இடைவெளி வந்தது. எங்களுக்கு அது இடைவெளி, சிஞ்ஞோரேக்கு அது வெளி. போய்விட்டார். யாரையும் தொடவில்லை, ஒருவரும் பிறேக் பிடிக்கவும் இல்லை. ஆனாலும் சோதனைக்காரர் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாராம். வழி விடவில்லை என்று தோல்வி.

இரண்டாம் தடவை, வழி விடுவதென்றால் இப்படித்தான் என்று காட்டப் போனார். சந்தைப் பக்கத்துச் சந்தியில் ஒரு காருக்கு வழி விட்டார். அதன் பின்னால் வந்ததற்கும் விட்டார். மோட்டார் சைக்கிள், மரக்கறி ஏற்றிய மூன்று சில்லு லாப்பா, நாயோடு ஒரு கிழவர், எல்லாருக்கும் விட்டார். பலேர்மோவில் ஒருவன் வழி விட்டுக்கொண்டு நிற்கிறான் என்ற செய்தி பரவினால் பக்கத்து ஊர்களில் இருந்தும் வருவார்கள். பரீட்சை நேரம் அந்தச் சந்தியிலேயே முடிந்துவிட்டது. வழி விட்டதற்காகத் தோல்வி.

மூன்றாம் தடவைதான் கடைசி. அதிலும் தவறினால் எழுத்துப் பரீட்சையில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அதை இன்னொரு தரம் செய்ய மாட்டேன் என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டார். காரை அண்ணனிடம் கொடுத்துவிடலாம் என்று சிஞ்ஞோரா மெதுவாகப் பேச்செடுத்தார். அண்ணன் ஓட்டுவது இருக்கிறதே, அது வேறு புராணம். அவருடைய காரில் வலப்பக்கச் சீட்டின் முன்னால் கால்விரிப்பு தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. சிஞ்ஞோரே அங்கே இருந்து, இல்லாத பிறேக்கை வலது காலால் மிதித்து மிதித்து வந்த ஓட்டை அது. பேருந்தில் இருந்தாலும் அந்தக் கால் மிதிக்கும். நாலாம் மாடியில் இருந்து இறங்கும் லிஃப்டிலும் மிதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று குசினிக்குள் வந்து, தேத்தண்ணீரைக் குறை சொல்லாமல் குடித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இதிலயும் தவறினா, இனிச் சாகுமட்டும் வலப்பக்கச் சீட்டுத்தான் எனக்கு" என்றார். "எங்கட நாட்டில அது ஓடுறவன்ர பக்கம். இஞ்சை அதில ஸ்டியரிங் இல்லை."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அடுப்பைத் தேய்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன்.

மலை என்றால் மொந்தே பெல்லெக்ரீனோ. மேலே ஒரு குகைக்குள் இந்த நகரத்தைக் காக்கும் புனிதை இருக்கிறார். ஊர்ச்சனம் செல்லமாகச் சந்துட்சா என்று கூப்பிடும், நாங்கள் மலையம்மா என்போம். நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் குகையும் சொட்டும் தண்ணீரும் உள்ளே ஒரு அம்மாவும் இருந்தால், எந்தச் சமயம் என்று நின்று விசாரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஞாயிறென்றால் பாதி மலை தமிழ்ச்சனம்தான். நான் கும்பிட்டேன். "தாயே, இந்த மனிசன் இந்த முறை பாசாகவேணும். பாசானா, வெறுங்காலோடை நடந்து ஏறி வந்து உன்னைக் கும்பிடுவார்."

இதில் என்ன பிழை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்களில் முடியைக் கொடுப்பது பிள்ளை, வாக்கைக் கொடுப்பது தாய். காவடி எடுப்பது கணவன், நேர்வது மனைவி. சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டு யார் நேர்ந்திருக்கிறார்கள்? ஆனால் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்சுப்போட்டு வந்து நிக்கிறீர்! அந்தாள் லிஃப்ட் பழுதெண்டா வெளியிலயே போகாத ஆள்."

பரீட்சைக்குப் போகும் காலையில் சிஞ்ஞோரேயிடம் விசயத்தைச் சொன்னேன்.

"நேர்ந்தது நீங்கள். நடக்கிறது நானோ?"

"பத்தென்தே ஆருக்கு? எனக்கோ?"

அவர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். சிஞ்ஞோரா படித்தவர், கோயிலுக்கும் எப்போதாவதுதான் போவார். ஆனால் பலேர்மோவில் பிறந்தவர். முகம் வெளுத்துவிட்டது. "சந்துட்சாவிட்டைச் சொல்லியாச்சோ? அப்ப சொன்னதுதான்" என்றார். இங்கிலாந்துக்காரர் ஒருவர், யாழ்ப்பாணமும் பலேர்மோவும் ஒரே அணியில் நிற்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

பாசாகிவிட்டார். ஓட்டப் பள்ளி வாசலில் இறங்கி எங்களை நோக்கி நொண்டிக்கொண்டு வந்தவருடைய கண் கலங்கியிருந்தது. "இண்டைக்கு நான் பந்தயக்காரனா ஓடேல்லை. அம்மான்ர திங்கட்கிழமைக் காரை ஓடினன்" என்றார். சிஞ்ஞோரா அவரைக் கட்டிப்பிடித்தார். நான் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி நின்றார்.

அதற்குப் பிறகு நேர்த்திக்கடன் தவணையில் ஓடியது. முதலில் வெயில், பிறகு மழை, பிறகு கணுக்கால். அந்த நேரத்தில்தான் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன என்று செய்தி வந்தது. இங்கிலாந்து லைசென்ஸைக் கொடுத்தால் பரீட்சை இல்லாமலே இத்தாலிய லைசென்ஸ். சும்மா காத்திருந்தவனுக்கெல்லாம் கிடைத்தது. சிஞ்ஞோராவின் அண்ணன் அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் இருந்து உரக்க வாசித்தார். சிஞ்ஞோரே கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப, மலையம்மா எனக்கு ஒண்டும் தரேல்லை. சும்மா கிடைக்கிறதைத்தான் தந்திருக்கிறா. நேர்த்தி செல்லாது."

"நான் கேட்ட நேரம் தந்தவ. மற்றாக்களுக்கு எப்ப குடுத்தா எண்டது அவவின்ர விசயம்" என்றேன். சிஞ்ஞோரா தலையாட்டினார். மேசையில் வேறு சோதனைக்காரர் யாரும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை, மலையடிவாரத்தில் சப்பாத்தைக் கழற்றினார். இத்தனை வருடம் அந்தக் காலுறைகளைத் துவைத்தவள் நான், காலை அன்றுதான் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றித் தையல் தழும்பு ஏணி மாதிரி ஏறியிருந்தது.

"நடக்கிறதுக்குப் பதிலா வெள்ளியில ஒரு கால் செய்து அம்மாவுக்கு வைக்கலாம். எங்களிலயும் அப்பிடிச் செய்யிறது, இஞ்சையும் செய்யினம்" என்றேன்.

"இப்பதான் சொல்லுறீங்களோ?" என்றார். ஆனால் சப்பாத்தைத் திரும்பப் போடவில்லை.

பழைய கல்பாதையில் ஏறினோம். என் கணவர் சிஞ்ஞோராவை அவர்களுடைய காரில் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, காரை அங்கேயே நிறுத்தி, மத்தியான வேலைக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சிநேகிதருடன் போய்விட்டார். ஏறுவது நேர்த்தி, இறங்கும்போது தானே ஓட்டுவதாகச் சிஞ்ஞோரேயின் திட்டம். பாதையில் எல்லாரும் எங்களை முந்தினார்கள். சேலை கட்டிய பெண்கள், தோளில் குழந்தை வைத்த தகப்பன்மார், செபமாலை உருட்டும் ஊர்ப் பெண்கள். ஒவ்வொருவரும் முந்தும்போது அவர் பல்லைக் கடித்தார். பிள்ளைத்தாச்சி ஒருத்தி முந்தியபோது மட்டும் "அவ வளைவின்ர உள்கோட்டால வந்தவ" என்று முறையிட்டார். பிறகு மூச்சுத்தான் கேட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன், இருக்கச் சொன்னேன், திரும்புவோம் என்றும் சொன்னேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

குகைக்குள் போய் நின்றபோது என்ன கும்பிட்டார் என்று தெரியாது. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். வெளியே வந்தபோது வலது கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. சப்பாத்துக்குள் போகவில்லை. காரின் பக்கத்தில் நின்று காலைப் பார்த்தார், மலைப்பாதையைப் பார்த்தார், காரின் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஏலாது" என்றேன். "கீழை முழுக்க வளைவு. ஆரையாவது கேப்பம். எங்கட சனம் எவ்வளவு பேர் நிக்கினம்."

"சட்டப்படி நீங்கள் எனக்குப் பொறுப்பா இருந்தனீங்கள். நான் ஒண்டும் கதைக்கமாட்டன். கண்ணையும் மூடுறன்."

மற்றப் பக்கம் போய்க் கதவைத் திறந்து ஏறினார். எந்தச் சீட்டுக்குப் பயந்து இவ்வளவு பாடும் பட்டாரோ, அந்தச் சீட்டில் தானாகவே போய் இருந்து வாரைப் பூட்டினார். பின்னால் சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டார். நான் கவசத்தைத் தொடங்கினேன். கார் இரண்டு தரம் நின்று, மூன்றாம் தரம் புறப்பட்டது.

சொன்ன மாதிரி அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வீங்கிய வெறுங்காலுக்கு அவர் வாக்குக் கொடுக்க மறந்துவிட்டார். முதல் வளைவு வர, அது விரிப்பை மிதித்தது. கடைக்கண்ணில் கண்டதும் நானும் மிதித்தேன். அடுத்த வளைவிலும் கால் மிதித்தது, நானும் மிதித்தேன். கண் மூடியிருந்தும் கார் சாய்கிற சாய்வில் அதற்கு வளைவு தெரிந்தது. கீழே கடலும் துறைமுகமும் ஒருதரம் இடப்பக்கம், ஒருதரம் வலப்பக்கம் வந்து போயின. நான் அவற்றைப் பார்க்கவில்லை. நானும் அந்தக் காலும் சேர்ந்து மலையில் பாதி இறங்கினோம். அந்த நேரம் நான் பயப்படவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசி வளைவு வந்தது. கால் மிதித்தது. நான் மிதிக்கவில்லை. இன்னும் இடம் கிடந்தது. எனக்கு அது தெரிந்தது. கொஞ்சம் விட்டு, பிறகு பிடித்தேன். கார் சுகமாகத் திரும்பியது.

கீழே நகரத்துக்குள் நுழைந்து சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"பிந்தித்தான் பிடிச்சனீங்கள்" என்றார்.

பின்னால் இருந்த சிஞ்ஞோரா அதை வசை என்று நினைத்து, காலையில் இருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அவரைத் திட்டத் தொடங்கினார். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். பின்னால் பலேர்மோ முழுக்க ஹோர்ன் அடித்தது.